சவூதிக்காகச் சித்தூர்ப் பெண் பேசலாமா?

வாசகர் கேள்வி – பதில்

பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்து, ஐக்கிய நாடுகள் சபையின் நடைமுறைப்படி விவாதித்துத் தீர்மானம் நிறைவேற்றிப் பழகும் மாதிரி ஐ.நா. மாநாடுகள் பெருநகரங்களைத் தாண்டி நம் எல்லைப்புற ஊர்களுக்கும் வரத் தொடங்கியிருக்கின்றன. பாலினச் சமத்துவத்தை மையப்பொருளாகக் கொண்டு பாலக்காட்டுப் பள்ளி ஒன்றில் நடக்கவிருக்கும் இரண்டு நாள் மாநாட்டைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: மாநாட்டில், ஐ.நா.வின் பெண்களின் நிலை குறித்த ஆணையமாகக் கூடும் குழுவில் எனக்குச் சவூதி அரேபியாவை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பெண்ணாக இருந்துகொண்டு அந்த நாட்டின் நிலைப்பாட்டை நான் எடுத்துப் பேசினால் அது பொய் சொல்வதாகாதா? வேறு நாடு தரும்படி கேட்கலாமா, அம்மா?
– பிளஸ் ஒன் மாணவி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: கேட்காதீர்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது அந்த அறையிலேயே மிகவும் சுவையான இருக்கை. (ஆந்திரத்துச் சித்தூரிலிருந்தும் கடிதங்கள் வருவதால், இது பாலக்காட்டுச் சித்தூர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

தன் கட்சிக்காரருக்காக வாதாடும் வழக்கறிஞரை நாம் பொய்யர் என்று சொல்வதில்லை. பிரதிநிதியின் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஆனால் நீங்கள் நினைப்பதுபோல, எந்த நாடும் ஐ.நா. அவையில் எழுந்து நின்று "பெண்களுக்குச் சமத்துவம் வேண்டாம்" என்று பேசுவதில்லை. பெண்களுக்கு எதிரான அனைத்து வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை, சுருக்கமாகச் சீடா என்பார்கள், பொதுச்சபை 1979 டிசம்பர் 18 அன்று ஏற்றுக்கொண்டது. சவூதி அரேபியா 2000ஆம் ஆண்டில் அதில் இணைந்தது. இணையும்போதே, உடன்படிக்கையின் எந்த விதியாவது இஸ்லாமியச் சட்ட நெறிகளோடு முரண்பட்டால் அந்த விதிக்குத் தான் கட்டுப்படப்போவதில்லை என்று ஒரு வரம்பையும் போட்டுக்கொண்டது. 2018 ஜூனில் அங்கே பெண்கள் கார் ஓட்ட அனுமதி கிடைத்தது. 2024இல் நீங்கள் அமரப்போகும் இதே ஆணையத்தின் தலைமைப் பொறுப்புக்கு அந்நாட்டுத் தூதர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆகவே மாற்றங்களை எடுத்துச் சொல்லி, வரம்பைக் காத்து, "தேசியச் சட்டங்களுக்கும் மரபுகளுக்கும் இசைய" என்ற தொடரை ஒவ்வொரு தீர்மானத்திலும் நுழைக்க முயல்வதே உங்கள் வேலை. அந்த ஒரு தொடர் தீர்மானத்தின் வலுவில் எவ்வளவைக் கரைத்துவிடுகிறது என்பது, அதை நுழைக்க முயன்று பார்ப்பவருக்குத்தான் முழுமையாக விளங்கும்.

சவூதி என்றதும் மற்ற பிரதிநிதிகள் சிரித்தால், அவர்களுக்கு எடுத்துக்காட்ட இரண்டு செய்திகளைக் கைவசம் வைத்திருங்கள். அமெரிக்கா 1980இல் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. இன்றுவரை அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. இந்தியா 1993 ஜூலை 9 அன்று ஒப்புதல் அளித்தது; ஆனால், எந்தச் சமூகத்தின் தனிப்பட்ட விவகாரங்களிலும் அச்சமூகம் தானே முன்வந்து இசைந்தாலன்றித் தலையிடுவதில்லை என்ற தன் கொள்கைக்கு உட்பட்டே ஐந்தாம் விதியின் ஒரு பகுதியையும் திருமணம் பற்றிய பதினாறாம் விதியையும் கடைப்பிடிக்கும் என்று அறிவித்துவிட்டுத்தான் அளித்தது. திருமணங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்வதைக் கொள்கையளவில் ஏற்பதாகவும், இவ்வளவு பெரிய நாட்டில் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்றும் அப்போது சொல்லியிருக்கிறது. இந்தியாவின் இருக்கையில் அமரும் மாணவருக்கும் இது தெரிந்திருந்தால் நல்லது, பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை.

கேள்வி: நான் தென்னையும் நெல்லும் வைத்துப் பிழைக்கும் விவசாயி. மகள் இந்த மாநாட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். நுழைவுக் கட்டணம், கோட்டு, இரண்டு நாள் போக்குவரத்து என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்குமாம். இது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கா, இல்லை உண்மையிலேயே பயன் உண்டா?
– ஒரு தந்தை, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. இரண்டு மாநாடுகளில் நடுவராக உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தை ஒப்பித்துவிட்டுச் சான்றிதழோடு படம் எடுத்துக்கொண்டு போகும் பிள்ளைகள் அங்கே ஏராளம். அவர்களுக்கு அது பொழுதுபோக்குதான்.

கோட்டு வாங்காதீர்கள். மேற்கத்திய முறை உடை என்று அழைப்பிதழில் போட்டிருந்தாலும், இந்திய முறைப்படி நேர்த்தியாக உடுத்தி வருவதை ஏற்பாட்டாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள், சுடிதாரே போதும். கட்டணத்தைப் பள்ளியிலிருந்து குழுவாகப் பதிவு செய்தால் குறைப்பார்களா என்று ஆசிரியர் மூலம் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் குறைப்பதில்லை.

பயன் எங்கே இருக்கிறது என்று கேட்டால், மாநாட்டுக்கு முந்தைய மூன்று வாரங்களில் என்பேன். தனக்குக் கிடைத்த நாட்டின் சட்டங்கள், அது கையெழுத்திட்ட உடன்படிக்கைகள், அது எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தது என்பதையெல்லாம் தேடிப் படித்து ஒரு பக்கத்தில் எழுதும்போது, பாடநூல் கற்றுத் தராத ஒரு பழக்கம் உங்கள் மகளுக்கு வாய்க்கும். அந்த ஒரு பக்கத்தைத்தான் அவர்கள் பொசிஷன் பேப்பர் என்கிறார்கள். அதை இணையத்திலிருந்தோ கணினியின் செயற்கை நுண்ணறிவிடமிருந்தோ எடுத்து ஒட்டுவதாக இருந்தால், அந்தக் கட்டணத்துக்குத் தென்னைக்கு உரம் வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் தமிழ் வழிப் பள்ளியிலேயே, தமிழிலேயே, இப்படியொரு மாநாட்டை நடத்தினால் என்ன என்று யோசிக்கிறேன். ஐ.நா.வின் மொழி அல்லாத மொழியில் நடத்துவது முறையாகுமா? தீர்மானத்தின் நடை தமிழில் நிற்குமா?
– ஆசிரியர், தேவிகுளம்

பதில்: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம் ஆகிய ஆறும் ஐ.நா.வின் அலுவல் மொழிகள். ஆனால் மொழிபெயர்ப்புக்குத் தாமே ஏற்பாடு செய்துகொண்டால் வேறு மொழியிலும் ஒரு பிரதிநிதி பேசலாம். 1977இல் வெளியுறவு அமைச்சராக இருந்த வாஜ்பாய் பொதுச்சபையில் இந்தியில் பேசியது அப்படித்தான். ஆகவே தமிழில் நடத்துவதற்கு யாரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

நடையைப் பற்றிய உங்கள் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஐ.நா. தீர்மானம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இலக்கணப்படி ஒரே வாக்கியம். அவையின் பெயர் எழுவாய். அதன்பின் முன்னுரைப் பத்திகள் வரும். இன்ன உடன்படிக்கையை நினைவுகூர்ந்து, இன்ன நிலைமையைக் கண்டு கவலையுற்று, இன்ன முயற்சியை வரவேற்று என்று அவை போய்க்கொண்டே இருக்கும். பிறகு செயற்பத்திகள் எண்ணிட்டு வரும். வலியுறுத்துகிறது, கேட்டுக்கொள்கிறது, முடிவு செய்கிறது என்று முடியும். முன்னுரைப் பத்திகள் அத்தனையும் நம் வினையெச்சங்கள், செயற்பத்திகள் வினைமுற்றுகள். எச்சங்களை அடுக்கி ஒரு முற்றில் கொண்டுபோய் நிறுத்துவது தமிழுக்குப் புதிதா என்ன? பழைய கல்வெட்டுகளில் மன்னர் புகழ் சொல்லும் மெய்க்கீர்த்தியைப் படித்த பிள்ளைக்கு இந்த அமைப்பு ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளையைவிட விரைவாகப் பிடிபடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் வினை பத்தியின் தலையில் நிற்பதால், "கண்டிக்கிறது" என்பதா "கவலை தெரிவிக்கிறது" என்பதா என்ற சண்டை படித்த உடனேயே தொடங்கிவிடும். தமிழில் வினை கடைசியில் வருவதால், நீளமான பத்தியின் முடிவுக்குள் பிள்ளைகள் அயர்ந்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு செயற்பத்தியையும் மூன்று வரிக்குள் நிறுத்தப் பழக்குங்கள். வினையைக் கரும்பலகையில் தனியாக எழுதிப்போட்டு அதன் மேல் விவாதிக்கச் செய்யுங்கள். "கேட்டுக்கொள்கிறது" என்பதை "அழைப்பு விடுக்கிறது" என்று தளர்த்தினால் எத்தனை நாடுகள் கையெழுத்திட முன்வரும் என்று பேரம் பேசுவதில்தான் இந்தப் பயிற்சியின் உயிர் இருக்கிறது. நம் பிள்ளைகள் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள். கைதட்டல் வாங்கத் தெரியும். எதிர்த்தரப்பிடம் கையெழுத்து வாங்கத்தான் தெரியாது.

கேள்வி: கிராமப்புறப் பெண் தொழிலாளர்களைப் பற்றி விவாதம் வருகிறது. நம் பக்கத்திலிருந்து என்ன எடுத்துக்காட்டைச் சொல்லலாம்? என் அம்மா கொழுந்து பறிக்கிறவர்.
– பிளஸ் டூ மாணவி, மூணாறு

பதில்: உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறுத் தேயிலைத் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள், 20 விழுக்காடு போனஸ் கேட்டு வேலையை நிறுத்திச் சாலையில் வந்து அமர்ந்தார்கள். நிர்வாகம் அறிவித்திருந்தது 10 விழுக்காடு. பல ஆயிரம் பேர் கூடிய அந்தப் போராட்டத்தில், தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களைப் பந்தலுக்கு அருகிலேயே அவர்கள் விடவில்லை. தங்களுக்காகப் பேச வேண்டியவர்கள் தங்களைக் கேட்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அவர்களது குறையாக இருந்தது. ஒன்பது நாள் கழித்து, 8.33 விழுக்காடு போனஸாகவும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையாகவும், ஆக 20 விழுக்காடு தர ஒப்புதல் கிடைத்தது. நாள் கூலியை 232 ரூபாயிலிருந்து 500 ஆக்கும்படி அடுத்துக் கேட்டார்கள். அக்டோபரில் 301 ரூபாய்க்கு முடிவானது. பெண்களின் ஒற்றுமை என்ற பொருளில் அவர்கள் தங்கள் இயக்கத்துக்கு வைத்துக்கொண்ட பெம்பிளை ஒருமை என்ற பெயர் மலையாளப் பத்திரிகைகளிலும் அப்படியே அச்சேறியது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பேசும் தமிழ் மாநிலத் தலைப்புச் செய்தியானதில் எனக்கு இன்றும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

இதை அவையில் சொல்லும்போது கதையாக மட்டும் சொன்னால் இரக்கப்படுவார்கள். விதியோடு சேர்த்துச் சொன்னால்தான் எழுதிக்கொள்வார்கள். சீடாவின் பதினோராம் விதி வேலையையும் சம ஊதியத்தையும் பற்றியது. பதினான்காம் விதி கிராமப்புறப் பெண்களைப் பற்றித் தனியாகப் பேசுகிறது. இரண்டையும் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நீங்கள் ஏழாம் விதியையும் எடுங்கள். பொதுவாழ்வு, அரசியல் வாழ்வு சார்ந்த சங்கங்களிலும் அமைப்புகளிலும் பெண்கள் ஆண்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமை அதில் இருக்கிறது. கூலியை நிர்ணயிக்கும் மேசையில் கூலிக்காரப் பெண் இல்லை என்ற மூணாற்றின் குறை அந்த விதிக்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீங்கள் நார்வேயின் பிரதிநிதியாக இருந்தால் "என் அம்மா" என்று தொடங்க முடியாது. "இந்தியாவின் கேரள மாநிலத்தில் 2015இல் நடந்ததை இந்த அவை கவனத்தில் கொள்ள வேண்டும்" என்றுதான் தொடங்க வேண்டும். கடினமாக இருக்கும், தெரியும். இந்தியாவே உங்களுக்குக் கிடைத்திருந்தாலோ இன்னும் கடினம். அப்போது நீங்கள் அரசின் குரல், சாலையில் அமர்ந்தவர்களின் குரல் அல்ல.

கேள்வி: சென்ற ஆண்டு வேறொரு மாநாட்டில் எங்கள் அணியின் வரைவுத் தீர்மானத்தை முக்கால்வாசி நான்தான் எழுதினேன். இடைவேளைக் கலந்துரையாடலில் மேசையைச் சுற்றி நின்று உரக்கப் பேசியது மூன்று பையன்கள். வரைவை மேடையில் வாசித்தவனும் அவர்களில் ஒருவன், சிறந்த பிரதிநிதி விருது வாங்கியவனும் அவனே. தலைப்பு என்னவோ பெண்களுக்குத் தலைமைப் பொறுப்பில் இடம்! இந்த முறை என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, களியக்காவிளை

பதில்: கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு சிரித்ததற்கு வருந்தினேன். நீங்கள் சொல்வதை நடுவர் இருக்கையிலிருந்து நானும் கண்டிருக்கிறேன். பெண் பிள்ளைகளின் கையெழுத்து நன்றாக இருக்கும், நீயே எழுது என்று தொடங்கும். முடிவில் அவள் எழுத்தராகவே நின்றுவிடுவாள்.

முதலில் கருவிகளைச் சொல்கிறேன். வரைவைக் கணினியில் பகிர்ந்து எழுதுகிறீர்கள் என்றால், கோப்பை உங்கள் கணக்கில் திறந்து, மற்றவர்களுக்கு நீங்கள் அனுமதி கொடுங்கள். வரைவின் தலைப்பில் முன்மொழியும் நாடுகளின் பெயரை முதல் வரியை எழுதும்போதே எழுதிவிடுங்கள். முடிந்தபின் சேர்க்கலாம் என்று விட்டால் உங்கள் நாடு வெறும் ஆதரவுக் கையெழுத்தாகச் சுருங்கிவிடும். முன்மொழிபவர் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பாளர். ஆதரவுக் கையெழுத்திடுபவர் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்பவர். இரண்டுக்கும் நடுவர்கள் தரும் மதிப்பு வேறு. வரைவை யார் வாசிப்பது, கேள்விகளுக்கு யார் பதில் சொல்வது என்பதையும் எழுதி முடிப்பதற்கு முன்பே பேசி முடியுங்கள். நீங்கள் எழுதிய பத்திக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்ல உங்களால்தான் முடியும், அந்தப் பையனால் முடியாது. அதுவே உங்கள் பிடி.

தலைமை மேசையில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பேச்சாளர் பட்டியலில் கையை உயர்த்துகிறவரையே திரும்பத் திரும்ப அழைக்காமல், இதுவரை பேசாத நாடுகளைக் குறித்துவைத்து அழைப்பது அவர்கள் கடமை. கலந்துரையாடல் நேரத்தில் மேசையை விட்டு இறங்கி, யார் எழுதுகிறார்கள் என்று நடந்து பார்க்காத நடுவர் விருதை ஒலியளவுக்குத்தான் கொடுக்க முடியும்.

உண்மையான ஐ.நா.வும் இதில் நமக்கு முன்மாதிரி ஆகிவிடவில்லை. 1953இல் விஜயலட்சுமி பண்டிட் பொதுச்சபையின் முதல் பெண் தலைவரானார். 2025இல் தலைமையேற்ற ஜெர்மனியின் அன்னலேனா பேர்பாக் ஐந்தாமவர்தான். பொதுச் செயலாளர் பதவிக்கு இதுவரை ஒரு பெண்ணும் வந்ததில்லை. ஆனால் எழுதும் மேசையில் அமர்ந்த ஒரு பெண் என்ன செய்ய முடியும் என்பதற்கும் அங்கேயே சான்று இருக்கிறது. 1948இல் நிறைவேறிய மனித உரிமைப் பேரறிக்கையின் முதல் விதி, ஆண்கள் என்றும் மனிதர் என்றும் பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லோடு வரைவில் இருந்தபோது, மனித உரிமை ஆணையத்தில் இந்தியாவின் சார்பில் அமர்ந்திருந்த ஹன்சா மேத்தா, இருபாலரையும் ஐயமின்றிக் குறிக்கும் சொல்லாக அதை மாற்ற வைத்தார். மாறியது ஒரு சொல்தான். தமிழில் "மனிதர்" என்று எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை; ஆனால் "மனிதன்" என்று எழுதும் பழக்கம் நம் மேடைகளிலும் பாடநூல்களிலும் இன்னும் போகவில்லை.

கேள்வி: என் மகனும் கலந்துகொள்கிறேன் என்கிறான். பெண்கள் விஷயத்தில் பையனுக்கு என்ன வேலை என்று அவன் பாட்டி கேட்கிறார்.
– ஒரு தாய், நகரி

பதில்: அவர் வீட்டில் விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பிடித்தது யார், கடைசியாகச் சாப்பிட்டது யார் என்று பாட்டியிடமே பேரனைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். ஊதியமில்லாத வீட்டு வேலையை மதித்து, அதைக் குடும்பத்துக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது 2015இல் உலக நாடுகள் ஏற்ற வளர்ச்சி இலக்குகளில் ஐந்தாவதின் ஒரு பகுதி. பகிர்ந்துகொள்ள வேண்டிய ஆள் அறையில் இல்லாமல் அதை எப்படி விவாதிப்பது?

கேள்வி: இப்படி நிறைவேற்றும் தீர்மானங்கள் உண்மையான ஐ.நா.வில் நாடுகளைக் கட்டுப்படுத்துமா?
– கல்லூரி மாணவர், செங்கோட்டை

பதில்: பொதுச்சபையின் தீர்மானங்கள் பொதுவாகப் பரிந்துரைகளே. பாதுகாப்பு அவையின் முடிவுகளுக்கு உறுப்பு நாடுகள் கட்டுப்பட வேண்டும். நாடுகள் ஒப்புதல் அளித்த உடன்படிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தும். ஆனால் மீறினால் வந்து பிடிக்க உலகக் காவலர் யாரும் இல்லை.

அதற்காக வெறும் காகிதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லைக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லாத காலத்தில், 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியா ஒப்புதல் அளித்திருந்த சீடாவை ஊன்றுகோலாகக் கொண்டே நெறிமுறைகளை வகுத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2013இல். இடைப்பட்ட 16 ஆண்டுகளும் அந்த நெறிமுறைகளே சட்டத்தின் இடத்தில் நின்றன.

பெண்களின் நிலை குறித்த ஆணையத்தைப் பற்றி இன்னொன்று: 45 நாடுகள் உறுப்பினராக உள்ள அந்த ஆணையம் ஆண்டுதோறும் நியூயார்க்கில் கூடும்போது, வாக்கெடுப்பைவிட ஒத்த கருத்தையே நாடுகிறது. "ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவுகள்" என்பதே அதன் ஆவணத்தின் பெயர். மாணவர் மாநாடுகளில் வாக்கெடுப்பு பரபரப்பாக இருப்பதால் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: வருகைப் பதிவின்போது "பிரசன்ட்" என்று சொல்ல வேண்டுமா, "பிரசன்ட் அண்ட் வோட்டிங்" என்று சொல்ல வேண்டுமா? இரண்டாவதுதான் கம்பீரமாக இருக்கிறது.
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், கொல்லங்கோடு

பதில்: கம்பீரம்தான், ஆனால் அப்படிச் சொன்னவர் தீர்மானத்தின் மீதான வாக்கெடுப்பில் நடுநிலை வகிக்க முடியாது, ஆம் அல்லது இல்லை என்று சொல்லியே ஆக வேண்டும். உங்கள் நாட்டின் நிலைப்பாடு முழுவதும் தெரிந்திருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். பாதிதான் படித்திருக்கிறீர்கள் என்றால், "பிரசன்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டு மதிய உணவு இடைவேளையில் மீதியைப் படியுங்கள்.